நிற்கிற கதவு

புதுச் சாயத்தைப் பழையதாகக் காட்டுவதுதான் கஷ்டம். பழையதைப் புதிதாகக் காட்ட ஒரு வாளி வெள்ளை போதும், யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நேற்று அடித்த சுவரில் இருபது வருடத்துக் கையழுக்கையும், நாற்காலி உரசிய தடத்தையும், ஆணி பிடுங்கிய ஓட்டையையும் கொண்டுவர வேண்டுமானால், மனிதர்கள் ஓர் அறைக்குள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். இந்த அறைக்குள் நுழைந்ததுமே உங்கள் நாற்காலியில் உட்காருகிறவருக்குச் சுவரில் தலை சாய்த்து யோசிக்கும் பழக்கம் என்று சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு எழுதுகோலை எடுத்தீர்கள். நல்லது, எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

நான் சினிமாவுக்கு அரங்கம் போடுகிறவன். இருபத்திரண்டு வருடம். நான் கட்டிய வங்கிக்குள் ஒரு பெரியவர் கணக்குத் தொடங்க வந்து அரை மணி நேரம் வரிசையில் நின்றார். நான் போட்ட மருத்துவமனையில் படுத்து எழுந்த விளக்குக்காரர் ஒருவருக்குக் காய்ச்சலே விட்டுப்போனது என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினேன். பெரிய கம்பெனிகள் ஊருக்கு நல்லது செய்கின்றன. பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். ஆனால் பார்க்கச் சகிக்காது. செய்த நல்லது இலைமறை காயாக இருந்து என்ன பயன்? நாலு பேர் கண்ணில் பட்டால்தான் ஐந்தாவது ஆள் தானும் செய்வான். ஆகவே நல்ல காரியங்களுக்கு முகம் வரைவதை நான் தொழிலாக்கினேன். அதைப் பாராட்டி இரண்டு மேடையில் பேசச் சொன்னார்கள். நான் சொன்னதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

ஆயத்த ஆடை ஆலையின் முதலாளி என்னிடம் வந்தபோது அவர் பெயர் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. அவருடைய இரவு ஷிப்ட் பெண்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்துக்கிடந்த படம் பத்திரிகையில் வந்துவிட்டது. அவருக்கு ஒரு நல்ல வீடு வேண்டும், சீக்கிரம் வேண்டும். அந்த நடிகையை, நாங்கள் மேடம் என்றுதான் சொல்வோம், நான்தான் அதில் சேர்த்தேன். பெண்களுக்காக அவர் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். திறப்பு விழாவன்று ஒரு பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதார். படம்பிடிக்கிறவர் வெளியே போன பிறகும் அழுதுகொண்டிருந்தார்.

அது நல்ல வீடு. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய கிடங்கு ஒன்று, மூன்று தளம். கீழே முதலாளியின் துணிப் பொதிகள், நடுவில் சமையலும் சாப்பாடும், மேலே படுக்கை. இரவெல்லாம் தையல் மெஷினில் உட்காருகிறவர்கள் பகலில்தான் தூங்க வேண்டும் என்பதை அதுவரை யாரும் யோசிக்கவே இல்லை. நான் யோசித்தேன். கரும் நீலத் திரைச்சீலைகள் போட்டேன். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு சின்ன விளக்கு, ஒரு பலகை, அதில் அவரவர் பெயர். தெருப்பக்க ஜன்னல்களுக்கு உறுதியான கம்பி. முதல் நாள் உள்ளே வந்த ஒரு பெண், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். தரை அழுக்காகிவிடுமாம்.

அந்த வீட்டுக்குக் காப்பாளராக என் அண்ணியை வைத்தேன். சொந்தக்காரருக்கு வேலை கொடுத்தேன் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் இருந்த வேலையை விட்டுவிட்டு நான்கு வருடம் அண்ணன் வீட்டில் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்டச்சோறு என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அண்ணி மட்டும், "அவன் சும்மா இல்ல, பார்த்துக்கிட்டு இருக்கான்" என்பார். அண்ணன் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்குத் தட்டு வைப்பதை அவர் நிறுத்தவில்லை. என்னைப் பெற்றவளைவிட எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலை இல்லாமல் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வேலை வந்ததும் பத்து வயது குறைந்துவிட்டது. காலையில் பெண்கள் வந்து படுத்ததும் ஒவ்வொரு கட்டில் கம்பியையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போவார். அவர்கள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

அத்தனை பேர் தூங்குகிற தளத்துக்கு இரண்டு வழி இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு இருந்தது முன்பக்கப் படிக்கட்டு ஒன்றுதான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவருடைய முற்றம். அங்கே இரும்புப் படி இறக்க அவர் சம்மதம் வேண்டும், பிறகு சுவரை உடைக்க வேண்டும். பொறியாளர் நான்கு மாதம் ஆகும் என்றார். திறப்பு விழாவுக்கு இருந்தது பத்தொன்பது நாள். அதை விட்டால் மேடத்துக்கு அந்த வருடம் தேதி இல்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எப்படி என்று தனக்குச் சொல்ல வேண்டாம், முடிந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

எங்கள் தச்சருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். எதை வைத்தாலும் மட்டம் பார்ப்பார், டீ கிளாஸைக்கூட. எங்கள் தொழிலில் ஒரு கதவு வரைந்து கொடுத்தால் தச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அது வழக்கம். ரசமட்டமும் கேட்டார்.

"திறக்கிற கதவா சார், நிக்கிற கதவா?"

திறக்கிற கதவுக்கு நிலை வேண்டும், கீல் வேண்டும், பின்னால் இடம் வேண்டும். நிற்கிற கதவுக்குப் பலகையும் நாலு ஆணியும் போதும். எந்தப் படத்தை எடுத்தாலும் நீங்கள் பார்க்கிற பத்துக் கதவில் ஏழு நிற்கிற கதவுதான்.

"நிக்கிற கதவு" என்றேன்.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், திரும்பச் செருகினார். "இங்க ஆளுங்க தூங்கப் போறாங்க சார்."

நான்கு மாதத்தில் மாற்றிவிடலாம் என்றேன். அவர் செய்துகொடுத்தார். அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். கேட்க வேண்டியதை அவர் கேட்டார், பதில் சொன்னது நான்.

அந்தக் கதவை நானே வரைந்தேன். உதவியாளர்களைத் தொடவிடவில்லை. பிளைவுட்டில் தேக்கு ரேகை ஓட்டினேன். கீழ்ப்பக்கம் செருப்புக் கால் பட்ட கறுப்பு, பிடியைச் சுற்றிக் கை பட்ட மினுமினுப்பு, கீல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் வழிந்த கோடு. பழைய இரும்புக் கடையில் அலைந்து ஒரு கனமான பித்தளைப் பிடி வாங்கிப் பொருத்தினேன். மேலே பச்சையில் ஓடுகிற மனிதன் எரிகிற விளக்கு. ஆய்வுக்கு வந்த அதிகாரி திறந்து காட்டச் சொன்னார். சாவி முதலாளியிடம், அவர் வெளிநாட்டில் என்றேன். அதிகாரி மரத்தைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை. இந்தக் காலத்தில் இப்படித் தேக்கு எங்கே கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அண்ணிதான் விடவில்லை. சாவிகளை ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பவர், ஒரு கதவுக்குச் சாவி இல்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. முதல் முறை கேட்டபோது முதலாளியிடம் இருக்கிறது என்றேன். இரண்டாவது முறை, ஒரே ஒரு தடவை திறந்து காட்டிவிட்டால் போதும், பிறகு கேட்க மாட்டேன் என்றார். மூன்றாவது முறை அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அது தானியங்கிப் பூட்டு அண்ணி, சாவியே கிடையாது, புகை பட்டால் தானாகத் திறக்கும், அதுவரை யார் இழுத்தாலும் வராது, இழுத்தால் கெட்டுப்போகும். அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது. இந்த மாதிரி விஷயமெல்லாம் வந்துவிட்டதா என்று வியந்தார். தன் நோட்டை எடுத்து, தேதி போட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நோட்டு உங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஒரு சின்னப் பொய்தான். நான்கு மாதத்துக்கான பொய்.

இரண்டாவது மாதம் ஒரு விருதுக்கு எங்கள் பெயர் போனது. தொழிலும் கலையும் சேர்ந்து சமூகத்துக்குச் செய்த காரியத்துக்கான விருது. அதற்கு ஒரு குறும்படம் கேட்டார்கள். படுக்கையும் திரைச்சீலையும் எல்லோரும் காட்டுவார்கள். பாதுகாப்பைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. தீப் பயிற்சி. மணி அடித்ததும் பெண்கள் எழுந்து, இரண்டு வரிசையாக, முன்னால் நிற்பவள் தோளில் கை வைத்து, பச்சை விளக்கை நோக்கி நடந்து வந்து கதவின் முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. கதவைத் திறக்கிற இடம் தேவையில்லை. அதற்கு முன்பே வெட்டிவிடலாம்.

முதல் தடவை சிரித்தார்கள். சிலர் பழக்கத்தில் முன் படிக்கட்டுக்கு ஓடினார்கள். நான் பொறுமையாகச் சொன்னேன், முன் படிக்கட்டு இருப்பதையே மறந்துவிடுங்கள் என்று. நான்கு தடவை எடுத்தோம். நான்காவது தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பது பெண்கள், ஒரு சத்தம் இல்லை, வரிசை கலையவில்லை, முன்னால் அண்ணி. மேடமும் வரிசையில் நின்றார். ஒல்லியாக ஒரு பெண், எல்லோரும் குருவி என்பார்கள், அவள் மட்டும் கையைத் தூக்கி, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கிறது என்று கேட்டாள். படிக்கட்டு என்றேன். கீழே நின்று பார்த்தால் தெரியவில்லையே என்றாள். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டினவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், வரிசையில் நில் என்றார்.

அந்தப் படத்தை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வேறு ஆலைகள் கேட்டு வாங்கித் தங்கள் ஆட்களுக்குக் காட்டின. அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை பயிற்சி வைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது மாதம், பின்பக்கத்து முற்றத்துக்காரர் சம்மதம் கொடுத்தார். கடிதமாகவே அனுப்பினார். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. கடிதம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். சுவரை உடைக்க வேண்டுமானால் முதலில் கதவைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பின்னால் செங்கல். முப்பது பெண்கள் பார்ப்பார்கள். அண்ணி பார்ப்பார். நடுவர்கள் வரப்போகிற மாதம் அது. ஒரு கதவுக்காக ஒரு நல்ல முயற்சியின் பெயரே கெட்டுப்போனால், அதைப் பார்த்துத் தாங்களும் கட்டலாம் என்று நினைத்த இன்னும் பத்து முதலாளிகள் பின்வாங்குவார்கள். அந்தப் பத்து வீட்டுப் பெண்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா? விருது முடியட்டும் என்று கடிதத்தை உள்ளே வைத்தேன்.

அன்று காலை பதினொரு மணி. விருது அரங்கத்தில் ஒத்திகை. மாலை விழா. மேடையின் வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வரிசையில் முதலாளியும் மேடமும். நான் பேச வேண்டிய இடத்துக்கு ஒலி சரிபார்ப்பதற்காக என் சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தார்கள். திரையில் எங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அண்ணி கூப்பிட்டார்.

அந்த மைக்கில் விழுந்ததைத்தான் இன்று காலை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அதில் என் குரல் மட்டும்தான் இருக்கிறது. வீட்டு விஷயம் ஏதோ பேசினேன் என்று முதலில் சொன்னேன், நீங்களும் பாதி நம்பினீர்கள். மீதியை இப்போது சொல்கிறேன். அண்ணி என்ன சொன்னார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், அது என்னோடு போய்விடக் கூடாது.

"தம்பி, கீழ பொதி பத்திக்கிச்சு. புகை மேல வருது. பிள்ளைங்க எல்லாரையும் எழுப்பி வரிசையா நிறுத்திட்டேன். கதவு இன்னும் திறக்கலையே."

அவர் குரலில் பதற்றம் இல்லை. பின்னால் பெண்கள் இருமுகிற சத்தம் கேட்டது.

"பொறுமையா இருங்க" என்றேன். உங்கள் ஒலிப்பதிவில் இது இருக்கிறது.

"முன்னாடி படியில கொஞ்சம் வழி தெரியுது தம்பி. அந்தக் குருவி இன்னும் எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் ஓடிருச்சு, நான் சொன்னதைக் கேட்கல. மத்தவங்களையும் அப்படியே இறக்கட்டுமா?"

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருப்பேன். பதிவை அளந்து ஏழு வினாடி என்று சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு நீளமாகத் தோன்றவில்லை. முன் படிக்கட்டு அதற்குப் பிறகும் ஆறு ஏழு நிமிடம் நடக்கக்கூடியதாக இருந்தது என்று தீயணைப்புத் துறை எழுதியிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அண்ணிதான் வழி தெரிகிறது என்றாரே. இறக்குங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார். மைக்கைக் கழற்ற இரண்டு வினாடி. ஆயிரம் தடவை கழற்றியிருக்கிறேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அண்ணி வரிசையின் முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"வேண்டாம், அங்கேயே நில்லுங்க. கதவு திறக்கும்" என்றேன்.

"சரி தம்பி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "யாரும் நகராதீங்க, சார்கிட்ட பேசிட்டேன், இதோ திறந்துரும்" என்று அவர்களிடம் சொன்னது கேட்டது. நான் வைத்துவிட்டேன். வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதா என்று முதலாளி சிரித்தார். ஆமாம் என்றேன். வெளிச்சம் சரியாகும்வரை இன்னொரு தடவை ஒத்திகை பார்த்தோம்.

சொன்னதைக் கேட்காத ஒன்பது பேர் இறங்கி வந்தார்கள். கேட்ட இருபத்தொரு பேரும் அண்ணியும் கதவின் முன்னால் வரிசையாகவே இருந்தார்கள் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பித்தளைப் பிடி அண்ணியின் கையோடு கழன்று வந்திருந்ததாகவும் இருக்கிறது. மின்கசிவு என்று ஒரு மின்பணியாளரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்களாம். அவரை அனுப்பிவிடுங்கள். தீ அவருடையதாகவே இருக்கட்டும், சாவு என்னுடையது. அந்தக் கதவைச் செய்யச் சொன்னவன் நான், வரைந்தவன் நான், அதன் முன்னால் நிற்கப் பழக்கியவன் நான், கடைசியில் நிற்கச் சொன்னவனும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆனால் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விருதுக்காக, முதலாளிக்காக, மைக்குக்காக என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். உலகத்தில் என்னை ஒருபோதும் சந்தேகிக்காத ஒரே மனுஷி அவர். உயிர் போகிற நேரத்தில் உண்மையைச் சொல்லி அவர் மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.